பந்தைத் தொடாதீங்க மாமா

அதிகம் பேசாதவன் விவரமானவன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. நான் அதிகம் பேசாதவன். அந்த நினைப்பு தப்பு.

தொப்பூர் கணவாய்க்குக் கீழே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதில் ஒரு கோல்ஃப் மைதானம். ஒன்பது குழி. சனி, ஞாயிறு பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிப்பார்கள். அப்புறம் அதைத் தேடிக்கொண்டு போவார்கள். கிடைத்ததும் மறுபடி அடிப்பார்கள். (இதற்கு அடிக்காமலே கையில் வைத்திருக்கலாம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.) அங்கே புல் வெட்டும் வண்டி ஓட்டுவது என் வேலை. எட்டாவதோடு நின்றவனுக்கு நல்ல வேலை. வண்டி சத்தம் போடும். நான் பேச வேண்டியதில்லை.

ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, யாரோ கோபத்தில் வீசிவிட்டுப் போன மட்டையால் ஒரு பந்தை அடித்தேன். அது ஷெட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, நேராகப் போய்க் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் பிறந்ததே இதற்குத்தான் என்று முடிவு செய்தேன். இரண்டாவது பந்தை அடித்தேன். மட்டை மட்டும் போனது. பந்து அங்கேயே இருந்தது.

அப்போதே விட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் அடி நன்றாக விழுந்துவிட்டவனை யாராலும் காப்பாற்ற முடியாது.

வந்தவர்கள் போன பிறகு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் மேடம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு வாரம் ஆடினார்கள். நான் வருடக்கணக்கில் ஆடினேன். லீவு நாளில் மனைவி செல்வியின் ஊரான இண்டூருக்குப் போனால், மாமனாரின் அறுப்பு முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் அடிப்பேன். பாதிப் பந்து கிணற்றில் விழும். ஒரு பந்தை மாமியாரின் கோழி அடைகாத்தது. வெகு நாள் காத்தது. அந்தக் கோழிக்கும் எனக்கும் ஒரே மாதிரி நம்பிக்கை.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் இடது கையில் மட்டும் ஒரு வெள்ளை உறை போடுவார்கள். நான் அதை வீட்டிலும் கழற்றவில்லை. பெரிய ஆட்டக்காரன் என்று எனக்கு எண்ணம். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கையில என்னாங்க, சுட்டுக்கிட்டீங்களா?"

விளக்கிச் சொன்னால் நீளும். "ஆமாங்க," என்றேன்.

மறுநாள் சோற்றுக்கற்றாழை கொண்டுவந்தார். வாங்கித் தடவிக்கொண்டேன்.

ஒரு நாள் மேடம் கூப்பிட்டார். ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு போட்டி நடக்கும். அதில் முதலாவதாக வருகிறவரை அவர்கள் பெங்களூருக்கு அனுப்பி, ஒரு கோச்சிடம் பழக்கி, பெரிய ஆட்டங்களில் இறக்குவார்கள். அதையே தொழிலாக வைத்துக்கொள்கிற அளவுக்கு வரலாம். "நீயும் பேர் குடு," என்றார். கொடுத்தேன்.

விஷயம் மாமனாருக்குப் போனது. அவர் பெயர் மாதையன். தக்காளித் தோட்டம், ஒரு கிணறு, ஒரு செவலை மாடு. தோட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அவரும் அதிகம் பேசமாட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து மாமியார் விளக்கை அணைத்துவிடுவார். அன்றைக்குப் பேசினார்.

"மாப்பிள்ளே, இந்தப் பந்து வெளையாட்டு எது வரைக்கும் போவும்?"

"பெங்களூர் வரைக்குங்க மாமா."

"அதுக்கப்பறம்?"

எனக்குத் தெரியவில்லை. கை உறையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"ஒரு தடவ பாக்கறேன். ஜெயிச்சா போங்க, குறுக்க நிக்கல. தோத்தா மட்டையத் தூக்கிப் பரணுல போட்டுட்டுத் தோட்டத்துக்கு வந்துடணும். சரிங்களா?"

"சரிங்க மாமா."

"யோசிச்சிச் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள்.

யோசித்தேன். சொல்லி முடித்த பிறகு.

போட்டி நாள் வந்தது. நல்ல வெயில் காலம். அந்த மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் பச்சை நிறம் பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். ஏரி வெடித்துக் கிடந்தது. மைதானத்தில் மட்டும் போர் தண்ணீர் பாய்ந்து புல் தளதள என்று நின்றது.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மட்டைப் பையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். கேடி என்பார்கள். எனக்கு வர வேண்டியவன் என் மச்சான். அவன் கணவாயில் மாட்டிக்கொண்டான். ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் மேலே வரைக்கும் நின்றுவிட்டன. போன் செய்தான்.

"மாமா, இங்க நின்னா உங்க மைதானம் பச்சையா கீழ தெரியுது."

"வந்துடுவியா?"

"குதிச்சாத்தான்."

வேடிக்கை பார்க்க விடியற்காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்த மாமனார் பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"குடுங்க, நான் தூக்கறேன்."

மாமனார் மாப்பிள்ளையின் பையைத் தூக்குவதா? எங்கள் சனத்தில் இது தெரிந்தால் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வரமாட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் அதற்குள் தூக்கித் தோளில் போட்டுவிட்டார், உரமூட்டை மாதிரி, படுக்கை வசத்தில். மட்டையெல்லாம் பின்பக்கம் கொட்டியது. பொறுக்கிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் நின்று, விளையாட்டின் சட்டதிட்டங்களைப் பொறுமையாகச் சொல்லியிருப்பான். நான் நான்தானே. ஒன்றே ஒன்று சொன்னேன்.

"பந்தைத் தொடாதீங்க மாமா."

"ம்," என்றார்.

ஒன்பது குழியை இரண்டு சுற்று ஆட வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயித்தவர். முதல் சுற்றில் ஒரு பந்தைக் குட்டையில் போட்டேன். மற்றபடி எனக்கே நம்ப முடியாத ஆட்டம். இரண்டாம் சுற்றில் பாதி தாண்டும்போது நானும் கண்ணாடி போட்ட ஒரு ஓசூர்க்காரரும்தான் முன்னால் இருந்தோம். இருவரும் ஒன்றாகவே ஆடினோம். ஆனால் மாமனார் ஒவ்வொரு குழிக்கும் இன்னும் கொஞ்சம் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் எங்கேயோ ஓரத்தில் குனிந்திருப்பார். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வருவார். வயதாகிவிட்டது, முடியவில்லை, நமக்காகத் தூக்குகிறாரே என்று என் கண் கலங்கியது. (வியர்வையும் இருந்தது. ஆனால் கலங்கியது.)

கடைசிக்கு முந்தின குழி. நான் ஓசூர்க்காரரை விட ஓர் அடி முன்னால். என் பந்து ஓரத்துப் புல்லில் போய் விழுந்தது. மைதானத்தின் நடுவில் புல்லை ஒட்ட வெட்டுவோம். ஓரத்தில் வேண்டுமென்றே வளர விடுவோம். பந்தைக் கோணலாக அடித்தவன் கஷ்டப்பட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. முழங்கால் உயரத்துக்கு அதை வளர்த்து வைத்தவனே நான்தான்.

பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து அடித்து எடுப்பது சிரமம், ஆனால் முடியும். மாமனாரைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கொடி எங்கே இருக்கிறது என்று பார்க்க மேட்டில் ஏறினேன். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஏறிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்க ஒன்றும் இல்லை. தினமும் நான் வண்டி ஓட்டுகிற இடம்.

இறங்கி வந்தேன். பந்து இருந்தது. புல் இல்லை. ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மழித்த தரை. சலூனில்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார்கள். நடுவில் என் பந்து, தட்டில் வைத்த முட்டை மாதிரி. மாமனார் புல்லறுக்கும் அரிவாளைத் துண்டில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஓசூர்க்காரர் பார்த்துவிட்டார். நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் பெங்களூரிலிருந்து வந்த பெரியவர். தரையைப் பார்த்துவிட்டு, "ஏனு இது?" என்று கன்னடத்திலேயே கேட்டார். என்ன இது என்று கேட்கிற அளவுக் கன்னடம் எங்கள் பக்கத்து ஆளுக்குப் புரியும்.

"புல்லு மறைச்சிக்கிட்டு இருந்துச்சிங்க," என்றார் மாமனார். "எடுத்து வுட்டேன். பந்தைத் தொடலீங்க. மாப்பிள்ளை தொடாதீங்கன்னு சொன்னாரு. ஒரு விரலு படலீங்க."

"ரெண்டு அடி அபராதம்," என்று தமிழுக்கு வந்தார் நடுவர்.

"யாருக்குங்க?"

"அவருக்கு."

"அறுத்தது நானுங்க."

"நீங்க அவரோட கேடி. நீங்க செஞ்சா அவர் செஞ்ச மாதிரி. அதான் ரூல்ஸ்."

மாமனார் யோசித்தார். "அப்ப இவரு அந்தக் குட்டையில போட்டாரே ஒரு பந்து, அது நான் போட்டதுங்களா?"

"அது அவர் போட்டது."

"இது என்னா நாயங்க? நான் பண்ணா அவருக்கு. அவரு பண்ணாலும் அவருக்கா?"

"ஆமா."

"பாவம்," என்றார் மாமனார், என்னைப் பார்த்து. அன்றுதான் முதல் தடவையாக என்மேல் அவருக்கு இரக்கம் வந்தது.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவர்கிட்ட என்னதான் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பந்தைத் தொடாதீங்கன்னு சொன்னேங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடிக்க வேண்டுமே. அதுவரை நான் கை காட்டிய மட்டையை மாமனார்தான் எடுத்துத் தந்தார்; இந்தத் தடவை நானே பையிலிருந்து மட்டையை உருவினேன். கூடவே ஒரு பிடி புல் வந்தது. இன்னொன்றை உருவினேன். இன்னொரு பிடி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பை நிறையப் புல். அமுக்கி அமுக்கித் திணித்திருந்தார். மட்டைகள் அதில் நட்டு வைத்த மாதிரி நின்றன. பந்து வைக்கிற பக்கத்து அறையிலும் புல். குடை வைக்கிற இடத்திலும் புல். நான் கண் கலங்கியது இதற்குத்தான்.

"என்னாங்க மாமா இது?"

"ஊருல ஒரு புடி புல்லு இல்ல. இங்க கொட்டிக் கெடக்குது. வுட்டுட்டு வரச் சொல்றீங்களா? செவலைக்கு ஆவும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மருந்து கிருந்து அடிச்சிருக்காங்களா?"

"ஓரத்துல அடிக்க மாட்டோங்க."

"அதானே பாத்தேன். வாசமா இருக்குது."

ஓசூர்க்காரர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்த பிறகும் அவர் ஆட்டம் கெடவில்லை. என்னுடையதும் பெரிதாகக் கெடவில்லை. கடைசியில் ஓர் அடியில் தோற்றேன். அந்த அபராதம் இல்லாவிட்டால் ஜெயித்திருப்பேன். (குட்டையில் போட்ட பந்தைப் பற்றி இந்தக் கணக்கில் யாரும் பேச வேண்டாம்.)

தருமபுரி பஸ்ஸில் இருவரும் போனோம். பை இருவர் மடிமேலும் கிடந்தது. கண்டக்டர் வந்தார்.

"லக்கேஜ் போடணும். என்னா இது, மட்டையா, புல்லா?"

"புல்லு," என்றார் மாமனார்.

"மட்டை," என்றேன் நான்.

"பேசி முடிவு பண்ணி வைங்க, வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் பேசவில்லை. அவர் திரும்ப வரவும் இல்லை.

இண்டூர் வீட்டில் காத்திருந்த செல்வி என் முகத்தைப் பார்த்தாள். பையை வாங்கிக் கவிழ்த்தாள். புல் குவிந்தது. மேலே மட்டைகள் விழுந்தன. "பெங்களூருக்குப் போறது நீங்களா, மாடா?" என்றாள். மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினார்.

சொன்ன சொல் ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் மட்டையைப் பரணில் போட்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். அவர் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார். பாத்திரத்தின் விளிம்பு வரை நுரை நின்றது. அந்த வெயில் காலத்தில் அந்த மாடு அப்படிக் கறந்ததே இல்லை.

"எந்தப் பக்கம் வெட்டணுங்க மாமா?"

அவர் மண்வெட்டியைப் பார்த்தார். பாலைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அந்த மாடு என்னைப் பார்த்தது.

"எதுக்கு?" என்றார். "இருக்கற வேலைய ஏன் வுடணும்? அங்கயே இருங்க. வெளையாடறதும் வெளையாடுங்க. ஒரு தடவையில என்னா தெரியும்?"

"தோத்தா வந்துடணும்னு சொன்னீங்க."

"நீங்க எங்க தோத்தீங்க? அறுத்தது நானு."

நடுவர் சொன்ன சட்டத்தை இவர் ஒரே இரவில் மாற்றிவிட்டார். நான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மட்டையை இறக்கினேன்.

மாமனார் புல் அறுக்க மேடத்திடம் அனுமதி கேட்டேன். வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். வண்டி ஏறாத சரிவில் மட்டும் அறுத்துக்கொள்ளலாம், ஆட்டம் நடக்காத நாளில், என்றார். அன்றிலிருந்து மாமனார் வாரம் தவறாமல் வருகிறார். அதற்கடுத்த வருடம் போட்டியில் முதலாவதாக வந்தேன். பையைத் தூக்கியது மச்சான். அவனிடம் எல்லாச் சட்டத்தையும் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான். பெங்களூர் போனேன், பழகினேன், பெரிய ஆட்டங்களில் இறங்கினேன். நடுவில் எங்கேயோ வருகிறேன். இன்னும் மேலே வருவேன் என்று நினைக்கிறேன். அந்தக் கோழியும் அப்படித்தான் நினைத்தது.

ஒவ்வொரு தடவையும் நான் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது செல்வி பையைத் திறந்து உள்ளே கை விட்டுத் துழாவுவாள், அரிவாள் இருக்கிறதா என்று. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்: "ஜெயிச்சா சந்தோசம். தோத்தா வெறும் பையோட வராதீங்க."