மச்சான் தந்த காபி இயந்திரமும் நுரைக்காத பாலும்

ஃபெராரா,
நவம்பர் 21.

மதிப்பிற்குரிய மச்சான் குவால்தியேரோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஒந்தீனாவின் கணவன் லேயார்கோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவளும் நலம். அங்கே லிவோர்னோவில் நீங்களும், வீட்டில் அக்காவும், உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஊரெங்கும் பனிமூட்டம்; எதிர் வீட்டைப் பார்த்து நான்கு நாள் ஆகிறது. மரியாதை இத்துடன் முடிந்தது, மச்சான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்து, "மாப்பிள்ளை, இனிமே காலங்காத்தால பனியில கடைக்கு ஓட வேண்டாம், வீட்டுலயே ராஜா மாதிரி உக்காந்து குடிங்க" என்று சொன்னீர்களே, அந்த எஸ்பிரெஸோ இயந்திரத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவன் நான். அத்தனை வருஷமும் காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் மஃபால்தாவின் காபிக் கடை, ஒரு கப்புச்சினோ, சீட்டாட்டத்தில் எர்மெஸோடு ஒரு சண்டை, எட்டு மணிக்கு வேலை என்று இருந்தவனை, மூன்றே வாரத்தில் இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது உங்கள் அன்பளிப்பு.

காபி இறக்குவதில் எனக்குக் குறையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டையை மாவாக அரைத்தால் மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டிக் கசந்தது. ரவையாக அரைத்தால் குழாய்த் தண்ணீராக ஓடிப் புளித்தது. நாலாம் நாள் ரெண்டுக்கும் நடுவில் அரைத்து, என் ரயில்வே கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபத்தேழு விநாடியில் இறக்கினேன், மேலே செம்பழுப்பில் ஒரு ஏடு கட்டிக்கொண்டு வந்தது பாருங்கள், ரயில் நேரத்துக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது. என்னைக் கவிழ்த்தது பால்தான் மச்சான், பால். காபியின் தலையில் ஒரே ஒரு கரண்டி நுரை வைத்தால் மக்கியாத்தோ, பெரிய கண்ணாடித் தம்ளரில் சூடான பாலை ஊற்றி அதற்குள் காபியை இறக்கினால் லாத்தே மக்கியாத்தோ, பாலும் நுரையும் காபியோடு சரிக்குச் சரி கலந்து நின்றால் கப்புச்சினோ, வெறுமனே லாத்தே என்று கேட்டால் வெறும் பால்தான் வரும், இதெல்லாம் இந்த நாட்டில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். (உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் மகள் கல்யாணத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் முன்னால், காலைப் பலகாரத்துக்குப் பிறகு இங்கே யாரும் தொடாத கப்புச்சினோவை நீங்கள் கேட்டீர்கள். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.) குடிக்கத் தெரிவது வேறு, போடத் தெரிவது வேறு. நீராவிக் குழலின் நுனி பாலின் மேல்தோலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டுமாம், மெல்லக் காகிதம் கிழிகிற சத்தம் வர வேண்டுமாம், அப்புறம் உள்ளே இறக்கிச் சாய்த்துப் பிடித்தால் பால் சுழலுமாம், ஜாடியைப் பிடித்த உள்ளங்கை சூடு தாங்காமல் போகும்போது நிறுத்தினால் ஈரப் பெயிண்ட் மாதிரி ஒரு கொப்புளமும் இல்லாத நுரை நிற்குமாம்.

எனக்கு நின்றதா? முதல் நாள் குழல் மேலே தூக்கிக்கொண்டது; உத்தரத்திலும், சுவரில் மாட்டியிருந்த உங்கள் தகப்பனார் படத்திலும், என் மூக்குக் கண்ணாடியிலும் பால். அவருக்கு மீசை வெளுத்துவிட்டது. மறுநாள் பயந்துபோய் ஆழமாக இறக்கினேன். அது போட்ட ஊளையில் கீழ்வீட்டு அர்காஞ்செலி இரவுச் சட்டையோடு ஏறி வந்து, உங்கள் தங்கையை நான் ஏதோ செய்கிறேன் என்று நினைத்து, முதலில் அவளைக் கண்ணில் காட்டச் சொன்னார். மூன்றாம் நாள் குழலைத் துடைக்க மறந்ததில் பால் உறைந்து அடைத்துக்கொண்டது, ஊசியால் குத்தினேன், அடைத்திருந்தது பீய்ச்சி அடித்ததில் துவைத்துக் காயப்போட்டிருந்த திரைச்சீலை போனது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது, சத்தம் சரியாக வந்தது, சுழலும் வந்தது, நுரை மட்டும் வரவில்லை. துணி துவைத்த தண்ணீர் மாதிரி பெரிய பெரிய குமிழி எழும், நான் கோப்பையை எடுப்பதற்குள் அடங்கிவிடும். ஜாடியை மாற்றினேன். கடையை மாற்றினேன். பனிமூட்டத்தில் மேய்ந்த பசுவின் பால் நுரைக்காது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதைப் பால்கடைக்காரரிடமும் சொன்னேன். வாங்கி வந்த பாலைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒந்தீனாதான் அன்றிலிருந்து கடைக்கும் போகிறாள், என்னை அந்தக் கடையில் ஏற்றுவதில்லை.

இதற்கிடையில் அவள், இந்தச் சத்தம் தாங்கவில்லை, கொஞ்ச நேரம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று காலை ஏழு மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். பாவம், என்னால்தானே என்று நானே அவளுக்குக் கழுத்துத் துணியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் எர்மெஸ் சைக்கிளில் வந்தவன் என்னைக் கண்டு இறங்கி, "ஒந்தீனா நேத்து எங்க மூணு பேரையும் சீட்டுல துடைச்சு எடுத்துட்டாப்பா. இவ்வளவு நாளா அவளை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டான். அவள் காற்றாட நடந்தது மஃபால்தாவின் கடை வரைக்கும். நிற்பது நான் முப்பத்தெட்டு வருஷம் முழங்கை ஊன்றித் தேய்த்த அதே இடத்தில். நான் ஊளையிடுகிற கதையை அவள் சொல்லச் சொல்லக் கடையே சிரிக்கிறதாம். நான் அங்கே ஏதாவது சொல்லி யாராவது சிரித்ததாக எனக்கு நினைவில்லை மச்சான்.

போன வியாழக்கிழமைதான் அது நடந்தது. அதே கை, அதே ஜாடி, நுரை திடீரென்று எழுந்து பட்டாக நின்றது. ஊற்றினால் வெள்ளை வட்டம், ஓரத்தில் பழுப்பு வளையம். குடிக்க மனமில்லை. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, வீட்டுச் செருப்போடு, பனிக்குள் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனேன். அடுத்தவர் கடைக்குள் நாம் போட்ட காபியைக் கொண்டு நுழைவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் நுழைந்தேன். சீட்டுக் கையோடு ஒந்தீனா திரும்பிப் பார்த்தாள். கோப்பையை அவள் முன்னால் வைத்தேன். மஃபால்தா கேட்காமலே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள், என்னைப் பார்த்தாள், ஒந்தீனாவைப் பார்த்தாள், பேசாமல் திரும்பி மேடையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒந்தீனா நிதானமாகக் குடித்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"பரவாயில்லைங்க. நுரையில இன்னும் கொஞ்சம் கனம் வேணும். ஒரு மாசம் விடாம பழகுனா வந்துடும்."

நான் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதுதான் எனக்கு எட்டிய உச்சம், மச்சான். அதற்கு மறுநாளிலிருந்து மறுபடி துவைத்த தண்ணீர். இனி என்னால் ஆகாது. ஞாயிறு வாருங்கள், இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பழையபடி ஏழு மணிக்குக் கடைக்குப் போகிறேன், எனக்கு ஓரமாக நிற்க இடம் கிடைத்தாலும் போதும். அக்காவுக்கு என் அன்பு, பேரப் பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் முழங்கால் மாடிப்படியை மறந்து நெடுநாள் நடக்கட்டும்.

தங்கள் மீது மரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சமுள்ள,
லேயார்கோ

பி.கு. அண்ணே, ஒந்தீனா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சேன். மிஷினை எடுக்க வந்துடாதீங்க. பால்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து வைக்கிறது நான்தான். இவர் எதையும் கத்துக்கிட்ட மறுநாளே விட்டுடுவார், நுரை வந்துட்டா திரும்பவும் கடையில வந்து நின்னுடுவார். நாப்பது வருஷத்துல எனக்குன்னு கிடைச்ச ஒரு மணி நேரம் அது. வியாழக்கிழமை தண்ணி கலக்க மறந்துபோச்சு. மஃபால்தா பாராட்ட வாயெடுத்தா, நான்தான் கண்ணைக் காட்டினேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு நல்ல பாலா வச்சு, எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன், அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க. அப்படி ஒரு கப்புச்சினோ நான் எங்கயும் குடிச்சதில்ல அண்ணே. கோப்பையை அவர் கையிலதான் திருப்பிக் குடுத்தேன், அடியில ஒரு பொட்டு நுரை மிச்சமில்ல. ரயில் ஒரு நிமிஷம் பிந்தினா கண்டுபிடிக்கிற மனுஷன், அதைக் குனிஞ்சு பார்க்கவே இல்ல.