மச்சானுக்கு மனை தயாராகவில்லை

பாம்பூஃப்ளாட்

அன்புள்ள மச்சான் ரவிக்குமார் அவர்களுக்கு, ஜெகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உசிலம்பட்டியில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்கள் தங்கை செல்லத்தின் காதில் விழுந்துவிடும். அதனால்தான் இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறும் நண்பரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் ரிட்டயர் ஆனதும் எங்கள் பக்கத்திலேயே வந்து இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் நம் இடத்தில் இருக்கும் சதுப்புப் பள்ளத்தை மேடாக்கி உங்களுக்கு வீடு கட்ட நினைத்தேன். லாரி ஒரு லோடு மண் கொட்டியது. அடுத்த லோடு வந்தபோது செல்லம் குறுக்கே போய் நின்றுவிட்டாள். தாழம்புதரில் கானாங்கோழி முட்டை வைத்திருக்கிறதாம். டிரைவரும், கூலி கொடுப்பவன் நான் என்பதையே மறந்து, “டீக் ஹை மௌசி” என்று சித்தி சொல் தட்டாத பிள்ளையாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சரி, நாமே செய்வோம் என்று கூடையில் மண்ணோடு இறங்கினேன், இடுப்பு வரை புதைந்தேன், கத்தலாம் என்றால் கோழி மிரளும் என்று உங்கள் தங்கை வாயில் விரல் வைத்துக் காட்டுகிறாள், கடைசியில் பக்கத்து வீட்டு மீன்காரர் லூர்துநாதன் கயிறு போட்டு இழுத்தார், என் வேட்டியில் தொற்றிக்கொண்டு வந்த நண்டைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டும் போனார். இப்போது கொல்லையில் நான் இருமக்கூட முடியவில்லை மச்சான். கேட்டால், “அந்தப் பள்ளம் இருந்தாத்தாங்க மழைத்தண்ணி போக எடமிருக்கும். இல்லேன்னா நம்ம அடுப்படிக்குத்தான் வரும்” என்கிறாள். தண்ணீருக்கு இடம் பார்க்கிறவள் கூடப்பிறந்த அண்ணனுக்கு இடம் பார்க்கவில்லை. நீங்கள் உடனே வந்து நாலு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
ஜெகநாதன்

பி.கு.: புயல் எச்சரிக்கையால் கப்பல் கிளம்பவில்லை; கடிதம் என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. விடாத மழை. போன வருஷம் பள்ளத்தைத் தூர்த்து வீடு கட்டிய பின்தெருக்காரர்கள் பாத்திரம் பண்டத்தோடு நம் ஹாலில் இருக்கிறார்கள். நம் அடுப்படியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தனையையும் பள்ளம் வாங்கிக்கொண்டது. புதரில் தண்ணீர் எட்டாத உயரத்தில் முட்டையும் பத்திரம். செல்லம் அவர்களோடு எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மழை விட்டதும் கொட்டிய மண்ணை நானே அள்ளி வெளியே போடப்போகிறேன், இந்த முறை இடுப்பில் கயிற்றோடு. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு நம் வீட்டு மாடியில் அறை கட்டுகிறேன். சன்னலைத் திறந்தால் பள்ளம் தெரியும். அவசியம் வாருங்கள். ஆனால் உங்கள் குரல் பெரியது மச்சான், அதற்குள் குஞ்சு பொரித்திருக்கும். மெதுவாகப் பேசிப் பழகிக்கொண்டு வாருங்கள்.