தெருவுக்கு ஒரு சடுகுடுக் கோஷ்டி

திருத்தணி
16-8-1947

மகாராஜராஜஸ்ரீ கோதண்டம் பாவா அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் துளசிங்கம் நமஸ்காரம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும் அக்கா அன்னம்மாள் க்ஷேமத்துக்கும் தணிகைவேலனை வேண்டிக்கொள்கிறேன். க்ஷேமம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேனே தவிர, நேற்று சாயங்காலத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் பாதி வரியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

கொடியேற்று விழாவுக்காக நேற்று அரக்கோணத்தாரோடு நடந்த சடுகுடுப் போட்டியில் தோற்றோம். இதோடு மூன்று வருஷம். சங்கத்துக்கு அக்கிராசனர் தாங்கள், காரியதரிசி நான். 'ஊரில் எத்தனை வகை ஜனம் உண்டோ அத்தனை பேரும் ஒரே கோஷ்டியில் ஆட வேண்டும், அதுதான் பலம்' என்று சொல்லிவிட்டுத் தாங்கள் சௌக்கியமாகப் பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். கட்டி மேய்க்கிறவன் நான் அல்லவா!

தாங்களே யோசித்துப் பாருங்கள். சைக்கிள் கடை பாஷாவுக்கும் அவன் தம்பி நஜீருக்கும் ரம்ஜான் நோன்பு, பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நம் வேணுவுக்கும் கே.ஜி.கண்டிகை சடகோபனுக்கும் ஆடிக் கிருத்திகைக் காவடி விரதம், மத்தியானம் ஒருவேளைச் சோற்றோடு சரி. நெசவுக்காரர் பங்காருவுக்கு எந்த விரதமும் இல்லை, ஆனால் இருட்டுவதற்கு முன்னால் தறியை விட்டு இறங்க மாட்டார். எல்லார் வயிற்றிலும் ஒரே சமயத்தில் ஆகாரம் இருக்கிற ஒரு மணி நேரத்தைப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை. மத்தியானம் பழகலாம் என்றால் பாஷா நாக்கு வறண்டு உட்கார்ந்துவிடுகிறான், நோன்பு திறந்தபின் பழகலாம் என்றால் அவன் வயிறு முட்டக் கஞ்சியோடு வந்து நிற்கிறான், அதற்குள் சடகோபன் பசியில் படுத்துவிடுகிறான். சரி, கிருத்திகை முடியட்டும் என்று காத்திருந்தால், காவடி செலுத்திய இருவரும் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார்கள். பாஷாவும் நஜீரும் அவர்கள் வழக்கப்படி எப்போதுமே மொட்டை. நாலு மொட்டையில் எது யார் என்று நேற்று ஆட்டத்தில் அம்பயருக்குத் தெரியவில்லை. அவுட்டானவன் வேணு, அவர் வெளியே போகச் சொன்னது சடகோபனை. 'பெரிய மனுஷன் சொல்லும்போது எதுத்துப் பேசலாமா' என்று அவனும் வாயைத் திறக்காமல் போய்விட்டான்.

அதுகூடப் போகட்டும். கடைசியில் ஆட்டம் சரிக்குச் சரி. அரக்கோணத்து ரயில்வேக்காரன் ஒருவன் பாடி வந்து வேணுவுக்கும் பாஷாவுக்கும் நடுவே வசமாக மாட்டிக்கொண்டான். குனிந்தால் கால் கையில் கிடைக்கும். இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

"நீ புடி பாய்."

"இல்லண்ணா, நீங்க புடிங்க. நீங்க பெரியவரு."

"உன் பக்கந்தானே வந்துகினு கீறான், நீயே புடிப்பா."

யாராவது பிடித்துத் தொலையுங்களேன் என்று பங்காரு பின்னாலிருந்து தெலுங்கில் கெஞ்சுகிறார். பந்தியில் கடைசி வடைக்கு உபசாரம் பண்ணுவதுபோல் இவர்கள் உபசாரம் பண்ணி முடிப்பதற்குள் அந்த ரயில்வேக்காரன், ஓடக்கூட இல்லை பாவா, நடந்தே தன் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேல்துண்டைக் கடித்துக் கிழித்துவிட்டேன்.

ஆகவே நான் கண்டது என்னவென்றால், வேற்று மனுஷன் என்ற கூச்சம் இருக்கிற இடத்தில் சடுகுடு ஆட முடியாது. கோஷ்டியைத் தெருவாரியாகப் பிரித்துவிடலாம். நம் தெருவில் எல்லாரும் பங்காளிகள். ஒரே சாமி, ஒரே விரதம், ஒரே பேச்சு, கூச்சத்துக்கே இடமில்லை. பாஷாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். "ஆங், சரிங்க நைனா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் திரும்பிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் காரியம் பெரிதல்லவா? தாங்கள் சம்மதம் எழுதி, மறு தபாலிலேயே கையெழுத்திட்டு அனுப்பவும்.

அக்காவுக்கு அநேக நமஸ்காரம். குழந்தைகளுக்குத் தீர்க்காயுசும், சடுகுடுவில் ஆசை வைக்காத நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்
துளசிங்கம்

பின்குறிப்பு, 19-ஆம் தேதி: மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்கவில்லை. இது போய்த் தங்கள் பதில் வரும்வரை பொறுக்கமாட்டாமல் ஞாயிற்றுக்கிழமையே நம் தெருக் கோஷ்டியை இறக்கிப் பார்த்தேன். ஏழு பங்காளிகளையும் கைகோத்து நிற்கச் சொன்னேன். "அவன் கைய நான் புடிக்கணுமா? கெணத்துப் பங்கு கேஸு தீரட்டும், அப்பால பாக்கலாம்" என்றான் வீராசாமி. அப்புறம் பாடி வந்தவனை விட்டுவிட்டு ஒருவர் காலை ஒருவர் பிடித்தார்கள், கூச்சமே இல்லாமல். வீராசாமிக்கு முன்பல் ஒன்று போயிற்று. நேற்று ரம்ஜான் பண்டிகை, அதனால் பொறுத்திருந்து இன்று பாஷா கடைக்குப் போய், பழையபடி எல்லாரும் சேர்ந்தே ஆடலாம், வாப்பா என்றேன். அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான். "யோவ், வேணும்னா கூப்புடறே, வேணாம்னா தொரத்தறே, இன்னா நெனச்சிகினு கீற நீ? உன் இஷ்டத்துக்கு ஆட நான் இன்னா பம்பரமா? போய்யா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். மூன்று வருஷமாக என்னிடம் குரல் உயர்த்தாதவன், பங்காளி மாதிரித் திட்டினான், பாவா! திட்டி முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் அவனே கேட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரக்கோணத்தாருக்கு உடனே எழுதுங்கள், அடுத்த வருஷம் அவர்கள் கால் தப்பாது.