படம் அண்ணையும் படியேறும் நாயகியும்

விக்டோரியா ராணி காலத்து விமர்சகர்களோடு இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜெர்மனியின் பான் நகரத்தில், எங்கள் மாணவர் விடுதியில் இருந்தார். "அவங்கல்லாம் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே அண்ணா" என்று நான் ஒருநாள் வாயை விட்டுவிட்டேன்.

"அதுக்கு? செத்தா எழுதின பிழை சரியாகிடுமோ?" என்று பாய்ந்தார்.

எல்லோருக்கும் அவர் படம் அண்ணைதான்; அண்ணனை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்று விடுதியிலேயே வேர்விட்டிருந்தார். ஆய்வு, தலையணை மொத்தமான ஒரு பழைய நாவலைப் பற்றி. இன்றைக்கு அது கிளாசிக். வெளிவந்தபோதோ விமர்சகர்கள் கிழி கிழியென்று கிழித்தார்களாம். எல்லாம் உள்ளே இருந்த ஒரே ஒரு படத்தால் வந்த வினை என்பது அண்ணையின் கட்சி.

படத்தில் நாயகி மாடிப்படி ஏறுகிறாள். இடது கையில் குழந்தை, வலது கையில் உயரத் தூக்கிய விளக்கு. ஒரு கால் மேல்படியில், மற்றக் கால் நுனிவிரலில். அப்படியே இடுப்பைத் திருப்பி வாசலைப் பார்க்கிறாள். எந்தப் பெண்ணும் இப்படி நிற்க முடியாது, கதையும் இதே மாதிரி புளுகு என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். "குற்றவாளி ஓவியர். நாவல் பாவம்!" என்பார் அண்ணை. அதை நிரூபிக்க நாங்கள் அந்தப் படம் மாதிரியே நின்று பார்க்க வேண்டும்.

சமையலறைக்குள் நுழைந்தால் போதும், கையில் அரிசிப் பையைத் திணிப்பார். அதுதான் குழந்தை. என் செல்போன் டார்ச்தான் விளக்கு. முக்காலிதான் படி. நான் மதுரைக்காரி, பயோகெமிஸ்ட்ரி படிக்க வந்தவள். குழம்பு அடிப்பிடிக்க அடிப்பிடிக்க முக்காலியிலிருந்து விழுந்துகொண்டிருந்தேன். விழுந்தால் அவருக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களோ, ஏலாது!"

டார்ச் வெளிச்சம் அந்தக் காலத்து வெளிச்சம் இல்லை என்று ஒருநாள் ஜாம் பாட்டிலில் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி போட்டார். புகைந்து தள்ளி, அலாரம் அலறி, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், வந்த ஆஜானுபாகுவான வீரரிடம் படத்தைக் காட்டி அரிசிப் பையை நீட்டுகிறார்! அந்த மனிதரும் ஹெல்மெட்டோடு ஏறினார். சரிந்தார். "தீயணைப்புக்காரராலயே ஏலாது!" என்று அண்ணை குதித்தாரே பார்க்கணும்.

கௌசி மட்டும் விழ விழ எழும்பி மறுபடியும் ஏறுவாள். அவள் நர்ஸிங் பயிற்சியில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். அண்ணை மேல் அவளுக்கு அத்தனை பாசம்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு வந்தது. வழிநடத்திய பேராசிரியை ஓய்வு பெறப்போகிறார், இனி நீட்டிப்பு கிடையாது. இதில் கோட்டைவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. நானும் கௌசியும் அரிசிப் பை சகிதம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

"முடியவே முடியாது என்கிறீர்களே, என்ன ஆதாரம்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

அண்ணை கம்பீரமாகக் கையைக் காட்டினார். "கௌசி, ஏறும் பிள்ளை!"

கௌசி மேடைப் படியில் கால் வைத்தாள். பை இடது கையில், டார்ச் மேலே, இடுப்பைத் திருப்பினாள்.

நின்றாள். அசையாமல் நின்றாள்!

நான் முன்வரிசையிலிருந்து சைகை காட்டினேன். அடிப்பாவி, விழுடி! அவள் முகம் வெளிறிவிட்டது. "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவ்வளவு நாளும் நிண்டு நிண்டு பழகிப்போச்சு!"

அண்ணை மெல்லக் கிட்டப் போனார். குந்தியிருந்து அவள் குதிகாலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எழும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சொன்னது பிழை" என்று ஜெர்மனில் அறிவித்தார். "தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறவளால் இப்படி நிற்க முடியும். ஓவியர் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். ஒருநாளும் பிள்ளை தூக்கியிராத விமர்சகர்களுக்குத்தான் அது தெரியவில்லை!"

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேராசிரியர்கள் உள்ளே பேசினார்கள். "அண்ணையின்ர பட்டத்தை நானே கெடுத்துப்போட்டன்" என்று கௌசி தேம்பினாள்.

"அழாதை பிள்ளை. அந்த ஓவியரை எத்தினை வருஷமாத் திட்டினனான்! இண்டைக்குத்தான் மனுசனுக்கு நியாயம் கிடைச்சிருக்கு" என்றார் அண்ணை. பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

கதவு திறந்தது. கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டும், ஆனால் தேர்வில் வெற்றி என்றார் பேராசிரியை. கைகொடுக்கத் தேடினால் அண்ணையைக் காணோம். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மேடைப் படிக்குப் போயிருந்தார். எங்களையெல்லாம் நிற்க வைத்தாரே தவிர, மனிதர் ஒருநாளும் தான் நின்று பார்த்ததில்லை!

ஏறினார், திரும்பினார், சரிந்தார். நானும் கௌசியும் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டோம். அரிசி போனால் போகட்டும், அந்த மனிதரைக் கீழே விழ விட எங்களுக்கு மனசு வருமா?