எதிர்ச்சுவர்

"நம்ம தெருவுல அப்படி என்ன இல்ல?" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் படக்காரர். அலுவலகத்தில் அவர் வெறும் கோப்புக் குமாஸ்தா. ஆறு மாதத்துக்கு முன் ஒரு கேமராவை வாங்கித் தோளில் மாட்டினார். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் இந்தப் பட்டம். ஞாயிறு தவறாமல் பத்துப் பேரோடு சந்து சந்தாக நடந்து, சுவரோவியங்களையும் அவற்றின் முன்னால் போகிற வருகிறவர்களையும் படம் பிடிப்பார்.

ஜன்னலோரத் தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிரவில்லை. "என்ன இல்லையாம்?"

"சுவத்துல ஒரு படம் இல்லையாம். அடுத்த மாசம் எங்க குழு படம் எடுக்க நம்ம ஏரியாவைச் சுத்தப் போகுது. மீன் வரைஞ்ச சந்து பட்டியல்ல இருக்கு. கப்பல் வரைஞ்ச கிடங்கு இருக்கு. ஒரு பொதுக் கழிப்பறைகூட இருக்கு. நம்ம தெரு இல்ல. கேட்டா, 'உங்க தெருவுல எடுக்க உங்களை விட்டா என்ன சார் இருக்கு?'ங்கறார் தலைவர். பத்துப் பேரும் சிரிக்கிறாங்க."

கழிப்பறைக்கு இருக்கிற மரியாதை தன் வாசலுக்கு இல்லையா?

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். "அந்த மீனை வரைஞ்ச பொண்ணு எங்கிட்டதான் சட்டை தைக்குது. நான் சொன்னா வரும்."

படக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா இப்படிப் பாசி பிடிச்ச சுவத்துல வரையாதாம். சுரண்டி, வெள்ளையடிச்சுத் தரணுமாம்."

வாசல் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லி அவள் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். முதல் வருஷம் அவருக்கு இடுப்பு வலி. இரண்டாம் வருஷம் மழை வரும் போலிருந்தது. மூன்றாம் வருஷம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். இப்போது கலைக்காக என்றதும் இடுப்பு இருந்த இடமே மறந்து போயிற்று.

படம் பிடிக்கப் போவதைக்கூட விட்டு முழுசாக இரண்டு ஞாயிறு. சுரண்டினார், தேய்த்தார், இரண்டு பூச்சு அடித்தார். மீசைக்கும் ஒரு பூச்சு விழுந்தது. தலைவருக்கு ஃபோன் போட்டு, "என் வாசலைப் பட்டியல்ல சேர்த்துக்குங்க, கழிப்பறைக்கு மேல" என்று கண்டிப்பாகச் சொன்னார். சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு காலை அந்தப் பெண் அளவு நாடாவோடு வந்தாள். படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவளோ அவருடைய பளபளக்கும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, சுவர் இந்தப் பக்கம்."

"இல்ல சார், அக்கா இதைத்தான் சொன்னாங்க."

போன வேகத்திலேயே உள்ளே திரும்பினார். "இது என்ன அநியாயம்? முட்டி தேய வெள்ளையடிச்சவன் நான். படம் அவனுக்கா?"

"படம் எனக்கு" என்றாள் மனைவி. "நம்ம சுவத்துல வரைஞ்சா தெருவுல போறவங்க பாப்பாங்க. நான் உள்ளேருந்து சுவரோட முதுகைப் பாக்கணும். பத்து வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்து எதிர்வீட்டுப் பாசியையே பாக்கறேன். என் கண்ணுக்கு ஒரு நல்லது வேண்டாமா?"

"அப்ப என் சுவர்?"

"வெள்ளையா இருக்கே. மூணு வருஷமா அதைத்தானே கேட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. "தலைவர்கிட்ட என் வாசல்னு சொல்லித் தொலைச்சுட்டேனே."

"வரச் சொல்லுங்க. நம்ம வாசல்ல நின்னாதான் அந்தப் படம் முழுசாத் தெரியும்."

எல்லாக் கதவையும் சாத்திவிட்டாள். படக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "அந்தச் சுவத்துலயும்தான் விரல் கனத்துக்குப் பாசி. அதை யாரு சுரண்டுவாங்களாம்?"

மனைவி மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

"எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். நம்ம சுவரைக் காட்டினேன், அசந்துட்டார். உங்களை அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."