வெங்காய சார் சுமந்த மூட்டை

காஞ்சிபுரத்தில் வெங்காயத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் வெங்காய சார்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடை மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் நான் கணக்கு, அவர் உயிரியல். முதல் வகுப்புக்கே வெங்காயத்தோடு நுழைவார்.

"இதுக்கு உங்களவிட பல மடங்கு டி.என்.ஏ. இருக்குதுபா. எழுந்து வணக்கம் சொல்லுங்க!"

வகுப்பே எழுந்து கும்பிடும்.

அந்த டி.என்.ஏ.வில் பெரும்பகுதி புரதம் செய்யக் குறிப்பு எதுவும் தருவதில்லை. சிலது வேறு வேலை பார்க்கும், மிச்சம் சும்மா கிடக்கும் என்பார். சும்மா கிடப்பதை இயற்கைத் தேர்வு காலப்போக்கில் கழித்துவிடாதா? "சுமக்கிறது கஷ்டமா இருந்தா கழிக்கும். கஷ்டமே தெரியலன்னா கண்டுக்காது" என்பது அவர் கட்சி.

கட்சிக்கு விசுவாசமாக, தானும் எதையும் எறிய மாட்டார். கம்பி போன குடைகள், பேனா இல்லாத மூடிகள், யாருக்கோ வந்த கல்யாணப் பத்திரிகைகள். ஸ்டாஃப் ரூம் பீரோ பிதுங்கியது.

ஒருநாள் சென்டர் ஓனர் மேடம் பொங்கிவிட்டார். "இன்னா சார், பீரோவத் தொறந்தா குடை தலைமேல வுழுது! வேண்டாதத இயற்கையே தூக்கிப் போட்ரும். இல்லன்னா நான் போட்ருவேன், உங்களையும் சேத்து!"

சாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கொள்கை விடவில்லை. "டெஸ்ட் வெச்சுக்கலாம் மேடம். எல்லாத்தையும் மூட்டையா கட்டித் தூக்கிக்கினு சாயங்காலம் வூட்டுக்குப் போற வாலாஜாபாத் பஸ்ஸப் புடிக்கிறேன். வுட்டுட்டா, எல்லாமே குப்பைக்கு."

சாயங்காலம் சென்டரே தெருவில் நின்றது. மூட்டை ஓடியது, அடியில் சார் இருப்பதாக நம்பினோம். பாதி வழியில் ஒரு குடை தானாக விரிந்து, எதிரே வந்த ஆட்டோக்காரர் முகத்தை மூடியது. அவர் திட்டி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

நகர்ந்த பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "மெதுவா வா சார்! உன்ன வுட்டுட்டு எங்க போவப்போறேன்?"

"இது போங்கு!" என்று கத்தினார் மேடம்.

படிக்கட்டில் மூட்டையோடு நசுங்கியபடி சாரும் கத்தினார். "இதான் மேடம் விஷயம்! பாக்டீரியா கூட்டம் பெருசு, போட்டி ஜாஸ்தி. துளி லேட்டானாலும் பஸ் போயிடும், அதான் சும்மா கெடக்குற டி.என்.ஏ. மூட்டைய எறக்கிடுச்சு. நம்மள மாதிரி சின்னக் கூட்டத்துக்கு பஸ் நிக்குது!"

மறுநாள் காலை அதே மூட்டையோடு வந்து இறங்கினார். மேடமே பீரோவைத் திறந்துவிட்டார்.

இப்போது சாருக்குத் தென்னேரிப் பக்கம் பள்ளிக்கூட வேலை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் கை கழுவப் போனபோது, அவருடைய ஒற்றைச் செருப்பை மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். தேடுகிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் அல்லவா?