மூன்று கிலோ சுத்தபோசனம்

பேஷ்பர்மாக் தட்டை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். யாத்விகா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். தட்டு நிறையக் குதிரைக்கறி. மாவுத் துண்டுகள் அடியில் எங்கோ இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. அதுவும் தவக்காலத்து வெள்ளி.

கரகண்டாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் அலுவலகம் அது. ஞாயிறன்று நவ்ரூஸ் புத்தாண்டு என்பதால் விருந்தை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். யாத்விகாவுக்குத் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை. லிஃப்டுகள் ஞாயிற்றுக்கிழமையும் பாதியில் நிற்கும். ஆகவே ஞாயிறும் வேலை. மற்ற நாட்களில் மாலை வகுப்பு. எல்லாம் கழித்துப் பார்த்து, தவக்காலத்துக்கென்று ஒரே ஒரு காரியத்தை நோட்டில் எழுதியிருந்தாள்: வெள்ளிதோறும் சுத்தபோசனம், அதாவது கறி தொடுவதில்லை. நான்கு வெள்ளி தேறியிருந்தாள். இதையும் விட்டுவிட்டால் தன்னைக் கத்தோலிக்கப் பெண் என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் என்று அவளுக்கே சந்தேகம்.

காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது. நோன்பு பிறருக்குத் தெரியக்கூடாது என்பது ஆண்டவர் கட்டளை.

"என்ன கண்ணு, கை நீளலியே?" என்றாள் மேலாளர் ஷோல்பான் அக்கா.

"பல்வலி அக்கா."

"அவ்வளவுதானா." ஷோல்பான் அக்கா கறியைப் பூவாக உதிர்த்து ஐந்து விரலிலும் குவித்துக்கொண்டு எழுந்தாள். "வாயைத் தொற. பெரியவங்க ஊட்டினா வேண்டாங்கக்கூடாது."

"வயிறும் சரியில்லக்கா."

"பல்லு, அப்புறம் வயிறு," என்றான் மெக்கானிக் தவ்ரென். "ஒவ்வொரு மாடியா நிக்குது பாரு."

வயிற்றுக்கு நல்லதென்று கிண்ணம் நிறையக் கறிச்சாறு வந்தது. சாறு கறியில் சேருமா? நோட்டில் அதைப் பற்றி எதுவும் இல்லை. யாத்விகா மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு ஊட்டலுக்குத் தப்ப ஒரே வழிதான் தோன்றியது.

"தட்டுலயே வையுங்கக்கா. மெதுவா பாத்துக்கிறேன்."

தட்டில் மலை எழும்பியது. யாராவது வாழ்த்துரை சொல்ல எழும்போதெல்லாம் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரு துண்டை மடியிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் நழுவவிட்டாள். நான்கு வாழ்த்துரை சரியாகப் போயிற்று. ஐந்தாவதில், கீழே விழுந்த முள்கரண்டியை எடுக்கத் தவ்ரென் குனிந்தான்.

"அக்கா, இவ கறியெல்லாம் மடியில கட்டுறா."

ஷோல்பான் அக்கா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு," என்றாள் யாத்விகா. அது மூன்றாவது பொய்.

ஷோல்பான் அக்காவின் கண் கலங்கிவிட்டது. "தான் தொடாம அம்மாவுக்கு எடுத்து வைக்குது பாருங்க. கேட்டிருக்கலாமே கண்ணு. விருந்துன்னா வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கிறது நம்ம வழக்கம்தானே."

ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போட்டார்கள். தவ்ரென் தன் பங்குக்கு ஒரு முழுத் தொத்திறைச்சியையே வைத்தான். கேலி செய்ததற்கு மன்னிப்பும் கேட்டான். மூன்று கிலோ தேறியது.

"அடுத்த வாரம் நாங்க எல்லாரும் வந்து அம்மாவைப் பாக்குறோம்," என்றாள் ஷோல்பான் அக்கா.

யாத்விகாவின் அம்மா சந்தையில் கறிக்கடை வைத்திருந்தாள்.

நவ்ரூஸுக்காக மாலை வகுப்பு இல்லை. மூட்டையோடு நேராகக் கோயிலுக்குப் போனாள். மூன்று பொய்களையும் பாவசங்கீர்த்தனத்தில் இறக்கிவைத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் ஆறுதல்: பசி காதை அடைத்தாலும் ஐந்தாவது வெள்ளி தேறிவிட்டது.

கோயில் சமையலறையில் ப்ரோனியா அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை நாளைக்கு வரை ஃப்ரிட்ஜில வைக்கலாமா? வீட்டுக்குக் கொண்டுபோனா ஏதுன்னு அம்மா கேப்பாங்க."

ப்ரோனியா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். தொத்திறைச்சியில் ஒரு வில்லை அரிந்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளி," என்றாள் யாத்விகா.

"இன்னிக்கு சூசையப்பர் பெருவிழா. பெருவிழா வெள்ளியில வந்தா கறிக்குத் தடை கிடையாது," என்று மென்றுகொண்டே சொன்னாள் ப்ரோனியா அக்கா. "மூணு ஞாயிறா பூசையில சாமியார் சொல்லிக்கிட்டே இருக்காரே, நீ வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."